690 ரூபாய் ஸ்கேனரும் மூன்று ஆக்சிஜன் சென்சாரும்

ஆன்லைனில் 690 ரூபாய்க்கு வாங்கிய புளூடூத் ஓபிடி ஸ்கேனரை, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கிற கோளாறு எண்களைப் போனில் படிக்க உதவும் கருவியைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். மூன்றரை எதற்கு, மீதி ஒன்றரையை ஏன் பிடித்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டுமானால் என் வண்டியின் கதையையும் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 2017 கடைசியில் எடுத்த பெட்ரோல் ஹேட்ச்பேக், பி.எஸ்.4 புகை விதிப்படி வந்தது. நான் மருந்து கம்பெனி ரெப், ஊர் பாளையங்கோட்டை. காலையில் ஹைகிரவுண்ட், மத்தியானம் வண்ணார்பேட்டை, சாயங்காலம் டவுன் என்று கிளினிக் கிளினிக்காக நின்று நின்று போகிற பிழைப்பு. வாரத்தில் ஒரு நாள் ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி லைன். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவையாவது எஞ்சினை அணைத்து அணைத்து எழுப்புவேன். இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

போன பிப்ரவரியில் ஒரு நாள் காலை வண்டியை எடுத்ததும் மீட்டரில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தது. வண்டி ஓடுவதில் ஒரு வித்தியாசமும் இல்லை. வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்பில் பெரிய ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார்கள். பி0135 என்று ஒரு கோளாறு எண் வந்தது. "ஆக்சிஜன் சென்சார் போயிட்டு சார், மாத்திருவோம்" என்றார்கள். சரி என்றேன். சென்சாரும் கூலியுமாக 4,600 ரூபாய். விளக்கு அணைந்தது, நானும் மறந்துவிட்டேன்.

ஜூனில் குற்றாலச் சாரல் தொடங்கிய இரண்டாவது வாரம் அதே விளக்கு, அதே பி0135. இந்த முறை வேறு ஒர்க்‌ஷாப். அங்கே முதல் சென்சாரைக் கழற்றி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இது டூப்ளிகேட், ஒரிஜினல் போட்டால்தான் நிற்கும் என்றார்கள். ஒரிஜினல் 6,200. அது மூன்று வாரம் தாங்கியது. மூன்றாவது முறை விளக்கு எரிந்தபோது உதிரிபாகக் கடைக்கு நேராகப் போய் நானே இன்னொரு சென்சார் வாங்கிவிட்டேன். கோபத்தில் வாங்கியதுதான். வேறு காரணம் எதுவும் இல்லை. அதை மாட்டுவதற்கு முன்னால்தான் கூட வேலை பார்க்கும் ஒருவர், "ஏண்ணே, ஒரு சின்ன ஸ்கேனர் வாங்கி நீங்களே பாத்தா என்ன?" என்று கேட்டார். அன்று ராத்திரியே ஆர்டர் போட்டேன்.

இனி பொருளைப் பற்றி. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. உள்ளே இருக்கும் பச்சைப் பலகை மங்கலாகத் தெரிகிற நீலப் பிளாஸ்டிக் உறை. ஒரு பக்கம் 16 முனை கொண்ட பிளக். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே இருக்கும் சாக்கெட்டில் குத்த வேண்டும். என் வண்டியில் அது கொஞ்சம் உள்ளடங்கி இருப்பதால் குனிந்து, செல்போன் வெளிச்சம் அடித்து, கழுத்தைத் திருகித்தான் சொருக முடியும். சொருகியதும் சிவப்பு விளக்கு எரியும். போனில் புளூடூத் சேர்க்கும்போது கேட்கும் எண் 1234. அப்புறம் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டால் வேலை முடிந்தது. நான் முதலில் இலவசச் செயலியில் தொடங்கி, பிறகு காசு கொடுத்து முழுப் பதிப்பு வாங்கினேன். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

டப்பாவின் மேல் "ஈ.எல்.எம். 327, வெர்ஷன் 1.5" என்று அச்சடித்திருந்தது. ஈ.எல்.எம். 327 என்பது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சில்லு. அந்தக் கம்பெனி 1.4-க்கு அடுத்து நேராக 2.0-க்குப் போனது, 1.5 என்று ஒன்றை வெளியிடவே இல்லை. அதாவது டப்பாவில் இருக்கிற எண்ணே நகல் என்பதற்கு அத்தாட்சி. 690 ரூபாய்க்கு அசல் கிடைக்கும் என்று நானும் நினைக்கவில்லை. நகல் என்பதால் சில விசாரிப்புகளுக்குப் பதில் வராது, வேகமும் குறைவு. ஆனால் என் வேலைக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்தச் சென்சார் என்ன செய்கிறது என்று எனக்கும் அதுவரை சரியாகத் தெரியாது. தெரிந்திருந்தால் பத்தாயிரம் ரூபாய் மிச்சமாகியிருக்கும். சைலன்சர் குழாயில் திருகி வைத்த ஒரு மூக்கு அது. எரிந்து வெளியேறும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று முகர்ந்து பார்க்கும். வெளிக்காற்றின் ஆக்சிஜனுக்கும் புகையின் ஆக்சிஜனுக்கும் உள்ள வித்தியாசத்தை மின்னழுத்தமாக மாற்றிக் கொடுக்கும். பெட்ரோல் அதிகமானால் 0.9 வோல்ட் பக்கம், காற்று அதிகமானால் 0.1 வோல்ட் பக்கம். நல்ல சென்சார் ஒரு நிலையில் நிற்காது, மேலும் கீழும் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. 1976-லேயே பாஷ் இதைச் செய்ய, வோல்வோ தன் கார்களில் போட்டுவிட்டது. அவ்வளவு பழைய சங்கதி.

இந்த மூக்கிடம் ஒரு பிகு உண்டு. சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். புகைச்சூட்டிலேயே அது சூடாகும் வரை காத்திருந்தால் சில நிமிடம் வீணாகும், அதுவரை கம்ப்யூட்டர் குத்துமதிப்பாகப் பெட்ரோல் ஊற்றும். அதனால் சென்சாருக்குள் ஒரு குட்டி ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். நான்கு ஒயர் வருகிற சென்சாரில் இரண்டு ஒயர் ஹீட்டருக்கு, இரண்டு சமிக்ஞைக்கு. பி0135 என்கிற எண் சொல்வது அந்த ஹீட்டர் சுற்றில் கோளாறு என்பதைத்தான். சென்சாரில் கோளாறு என்று அது சொல்லவே இல்லை. சுற்று என்றால் பியூஸ், ரிலே, ஒயர், ஒயர்களை இணைக்கிற கப்ளர், ஹீட்டர், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சுவிட்ச் எல்லாம் சேர்ந்ததுதான். தெருவில் கரண்ட் இல்லை என்றால் வீட்டு பல்பை மாற்றுவோமா? நான் இரண்டு முறை மாற்றியிருக்கிறேன்.

ஸ்கேனர் வந்த முதல் வாரம் நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. செயலியில் கோளாறுகளை அழிக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. விளக்கு எரியும், அழுத்துவேன், அணையும். இரண்டு நாள் கழித்து எரியும், மறுபடி அழுத்துவேன். ஏதோ சாதித்த மாதிரி ஒரு சந்தோஷம் வேறு. இந்தப் பொருளை வாங்குகிற பாதிப் பேர் இதற்குத்தான் வாங்குகிறார்கள் என்பது என் ஊகம். அந்தப் பொத்தான் எண்ணை மட்டும் அழிப்பதில்லை. கோளாறு வந்த நொடியில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்று கம்ப்யூட்டர் எடுத்து வைத்திருக்கும் குறிப்பையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. அதன் பெயர் பிரீஸ் பிரேம். சம்பவ இடத்தில் போலீஸ் எடுக்கிற போட்டோ மாதிரி. நான் போட்டோவைப் பார்க்காமலேயே கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிரீஸ் பிரேமைப் பார்க்கத்தான் காசு கொடுத்து முழுச் செயலி வாங்கினேன். அதன் பிறகு விளக்கு எரிந்தால் முதலில் நோட்டில் எழுதுவது, அப்புறம்தான் அழிப்பது என்று வைத்துக்கொண்டேன். டாக்டர் விசிட் எழுதும் டைரியிலேயே கடைசிப் பக்கத்தில் எழுதினேன். மூன்று முறை எழுதியது இது: கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீரின் சூடு 38, 41, 36 டிகிரி. வேகம் மூன்று முறையும் பூஜ்யம். எஞ்சின் சுற்று ஐடிலிங்கை ஒட்டியே, அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடுகிற வேகம். மூன்றும் காலையில் வண்டியை எடுத்த கொஞ்ச நேரத்துக்குள். நடு வழியில், நல்ல சூட்டில் ஒரு முறைகூட வரவில்லை.

இதைப் பார்த்த பிறகுதான் நேரடி வரைபடத்தைத் திறந்தேன். இந்த ஸ்கேனருக்கு நான் கொடுக்கிற மூன்றரை நட்சத்திரத்தில் இரண்டு இதற்கே போகும். மறுநாள் காலை ஆறு மணிக்கு, ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த வண்டியில், முன் சென்சாரின் மின்னழுத்தத்தை மட்டும் திரையில் வைத்துக்கொண்டு எஞ்சினைக் கிளப்பினேன். கோடு 0.45 வோல்ட்டில் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். ஆஸ்பத்திரியில் நாடி நின்ற கோடு மாதிரி நேராகப் போகிறது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். மனைவி வாசலில் கோலம் போட்டுக்கொண்டே, "வண்டி நிக்கையில என்னத்தப் பாத்துட்டிருக்கிய?" என்று கேட்டாள். நான்கு நிமிடம் தாண்டி, கூலன்ட் ஐம்பதைத் தாண்டிய பிறகு கோடு மெல்ல நெளிந்தது. அப்புறம் 0.1, 0.8, 0.2, 0.9 என்று அழகாக ஆட ஆரம்பித்துவிட்டது.

அந்த நெளிவுதான் எனக்குச் சேதி சொன்னது. சென்சார் செத்திருந்தால் சூடான பிறகும் ஆடாது. இது புகைச்சூட்டில் தானாகக் காய்ந்த பிறகு நன்றாகவே ஆடுகிறது. மூக்கில் குறை இல்லை, அதைச் சூடாக்குகிற அடுப்பு எரியவில்லை. புதுச் சென்சாரில் புது ஹீட்டர் இருந்தும் எரியவில்லை என்றால் அதற்குக் கரண்ட் போய்ச் சேரவில்லை என்றுதான் அர்த்தம். இதற்கிடையில் மைலேஜ் லிட்டருக்கு 17 கிலோமீட்டரிலிருந்து 14-க்கு இறங்கியிருந்தது, அதற்கும் பதில் கிடைத்தது. கிளினிக்குக்குக் கிளினிக் நிறுத்தி எடுப்பவன் வண்டியில் சென்சார் விழிப்பதற்குள் அடுத்த கிளினிக் வந்துவிடும். அரை நாள் குத்துமதிப்புப் பெட்ரோலிலேயே ஓடியிருக்கிறது.

அதே வாரம் பி0135-ஓடு பி0141-ம் சேர்ந்து வந்தது. அது பின் சென்சாரின் ஹீட்டர். புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சென்சார் உண்டு. இரண்டு ஹீட்டர் ஒரே நாளில் போவது நடக்காத காரியம். இரண்டுக்கும் பொதுவாக இருக்கிற ஏதோ ஒன்று போயிருக்க வேண்டும். பியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. என் அறிவு அதோடு தீர்ந்தது.

இந்த இடத்தில் ஸ்கேனரின் வேலையும் தீர்ந்தது. இதைச் சொல்லாமல் இந்தப் பொருளைப் புகழ்ந்தால் தப்பு. ஒயர் எங்கே அறுந்திருக்கிறது என்று ஸ்கேனருக்குத் தெரியாது. அதற்கு ஓர் ஆள் வேண்டும். வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில், முன்னால் பழைய ஆட்டோ இரண்டு நிற்கும் தகரக் கொட்டகையில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார். அறுபது வயது இருக்கும். எல்லாருக்கும் அண்ணாச்சி. டைரியின் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்துவிட்டு, "டாக்டர் சீட்டு மாரி எழுதிட்டு வந்திருக்கியளே தம்பி. இப்பிடி எல்லாவனும் வந்தாம்னா எனக்குப் பாதி வேல மிச்சம்" என்றார்.

முன் சென்சாரின் கப்ளரைக் கழற்றச் சொன்னார் பையனிடம். சாவியை ஆன் செய்து மல்டிமீட்டர் வைத்தால் 12.3 வோல்ட். எனக்கு முகம் தொங்கிப்போனது. கரண்ட் வருகிறதே! அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் ஆணியில் தொங்கிய ஒரு சமாச்சாரத்தை எடுத்தார். இண்டிகேட்டருக்குப் போடுகிற 21 வாட் பல்பு, இரண்டு பக்கமும் ஒயர் பற்றவைத்து, நுனியில் முதலைக் கிளிப். ஒன்றை பாடியிலும் இன்னொன்றைக் கப்ளரின் அதே முனையிலும் கொடுத்தார். பல்பு எரிந்தது என்று சொல்ல முடியாது. உள்ளே இழை செம்பருத்திச் சிவப்பில் லேசாகக் கனன்றது, அவ்வளவுதான். நேராக பேட்டரியில் வைத்துக் காட்டினார், கண் கூசியது. மறுபடி கப்ளரில் வைத்தார், பீடி நெருப்பு மாதிரி. பல்பு மாட்டியிருக்கும்போதே மீட்டரை வைத்துப் பார்க்கச் சொன்னார். 12.3 இருந்த இடத்தில் நாலே சொச்சம்.

"மீட்டரு ஒண்ணும் குடிக்காதுல்லா, அதான் அதுக்குப் பன்னெண்டு காட்டுது. பல்பு குடிச்சுப் பாக்கும். குடிக்க வச்சாத்தான் குழாயில அடப்பு இருக்கான்னு தெரியும்."

சும்மா தொட்டுப் பார்க்கிற மீட்டருக்கு மின்னோட்டமே தேவையில்லை, ஒரே ஒரு செம்புமுடி ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். ஹீட்டருக்கோ ஓர் ஆம்பியருக்கு மேல் வேண்டும். அந்த ஒற்றை முடி வழியே அவ்வளவு போகாது. இரண்டு ஒர்க்‌ஷாப்பிலும் மீட்டர் வைத்துப் பார்த்திருந்தால்கூட, கரண்ட் வருகிறது, சென்சார்தான் போச்சு என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவ்வளவு பழியை அவர்கள் மேல் போட எனக்கு இப்போது மனசில்லை.

அண்ணாச்சி ஒயரிங் மூட்டையைக் கையால் தடவிக்கொண்டே போனார். பேட்டரிக்குக் கீழே, வளைந்து இறங்குகிற இடத்தில் விரல் நின்றது. மேலே சுற்றியிருந்த டேப் மற்ற இடங்களைப் போல் இல்லாமல் பளபளவென்று இருந்தது. வீட்டு ஒயரிங்குக்குச் சுற்றுகிற சாதாரண இன்சுலேஷன் டேப். சூட்டில் இளகி, பசை வழிந்து, தொட்டால் விரலில் ஒட்டியது. பிளேடால் கீறினார். உள்ளே இரண்டு ஒயரை முறுக்கி விட்டிருந்தார்கள், ஈயம் வைக்கவில்லை. செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. லேசாக இழுத்ததும் பொடியாக உதிர்ந்தது. சரியாக அந்த இடத்தில்தான் சப்ளை ஒயர் இரண்டாகப் பிரிந்து இரண்டு சென்சாருக்கும் போகிறது.

"யாரு தம்பி இந்தச் சவத்தச் சுத்துனது?"

யார் என்று எனக்கு அந்த நொடியில் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், வண்டியை வீட்டுக்குப் பக்கத்துப் பலசரக்குக் கடை குடோன் ஓரமாக நிறுத்திக்கொண்டிருந்த காலத்தில் எலி கடித்தது. ஹார்ன் அடிக்கவில்லை என்று வழியில் ஒரு பையனிடம் காட்டி, எலி கடித்த ஒயரையெல்லாம் சுற்றித்தரச் சொன்னேன். 150 ரூபாய். சீக்கிரம் முடி, டாக்டர் காத்திருக்கிறார் என்று அவனை அவசரப்படுத்தியதும் நான்தான். அண்ணாச்சியிடம் எலி என்று மட்டும் சொன்னேன்.

அப்படியானால் புதுச் சென்சார் போட்டதும் எப்படிச் சரியானது? இதையும் கேட்டேன். மாட்டும்போது ஒயரிங்கை இழுத்து ஆட்டியிருப்பார்கள், களிம்புக்கு நடுவே நாலு முடி புதிதாகத் தொட்டிருக்கும். வெயில் காலத்தில் அது நாலு மாதம் ஓட்டியது. சாரலில் தென்காசி போய் வந்ததும் ஈரம் இறங்கி மறுபடி பழைய கதை. பழுதே ஆகாத பொருளை மாற்றினாலும் கொஞ்ச நாள் குணமான மாதிரி தெரியும் என்பது மருந்து விற்கிற எனக்குப் புதிதாகத் தெரிந்திருக்கக் கூடாது.

களிம்பேறிய பகுதியை நல்ல செம்பு வருகிற வரை வெட்டி, புது ஒயர் கொடுத்து, ஈயம் வைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற குழாயைப் போட்டு மூடினார். ஈயத்தை இங்கே வைக்கலாம், சென்சாரிலிருந்து நேராக வருகிற நான்கு ஒயரில் மட்டும் வைக்கக் கூடாது என்றார். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காற்றைப் பல சென்சார்கள் அந்த ஒயரின் இழைகளுக்கு இடையிலேதான் உள்ளே இழுக்குமாம், ஈயம் அதை அடைத்துவிடும். கப்ளரில் கிரீஸ் அப்புவதும் அதே காரணத்தால் தப்பு. கூலி 450 வாங்கினார்.

டிக்கியில் கிடந்த பழைய சென்சார் இரண்டையும் அவரிடம் காட்டினேன். அதில் ஒன்று வண்டியோடு கம்பெனியிலிருந்து வந்தது, இன்னொன்று டூப்ளிகேட் என்று கழற்றப்பட்டது. ஹீட்டர் முனைகளில் மீட்டர் வைத்தால் ஒன்று 9 ஓம், மற்றது 11. இரண்டு ஹீட்டரும் அறுந்துபோகவில்லை. அப்புறம் கம்பெனிச் சென்சாரை வைஸில் பிடித்து, சமிக்ஞை ஒயர்களில் மீட்டரைக் கோத்து, கேஸ் டார்ச்சின் நீலச் சுடரை மூக்கில் காட்டினார். முனை மங்கிய சிவப்பாகக் காய்ந்ததும் மீட்டர் பூஜ்யத்திலிருந்து கிளம்பி 0.3, 0.6, 0.8 என்று ஏறியது. சுடரை விலக்கினார், சட்டென்று 0.1-க்குக் கீழே விழுந்தது. காட்டினால் ஏறுகிறது, விலக்கினால் விழுகிறது. டூப்ளிகேட் என்று சொல்லப்பட்டதும் அப்படியே செய்தது. பட்டறைப் பையன் கைதட்டினான். நான் 4,600-ஐயும் 6,200-ஐயும் மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே இடம், அதே ஸ்கேனர். எஞ்சின் கிளம்பி முக்கால் நிமிடத்தில் கோடு ஆட ஆரம்பித்தது. இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. வடகிழக்குப் பருவமழை முழுக்கத் தாண்டிவிட்டது, விளக்கு வரவில்லை. மைலேஜ் பதினாறரைக்கு ஏறியிருக்கிறது.

17 ஏன் வரவில்லை என்று மறுபடி ஸ்கேனரைக் குடைந்தேன், வியாதி தொற்றிக்கொண்டது. நீண்ட கால பெட்ரோல் திருத்தம் என்று ஓர் எண் காட்டும். கம்ப்யூட்டர் தன் கணக்கை விட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்பது. என் வண்டியில் பிளஸ் 6, சில நாள் 7. எங்கேயோ காற்று கசிகிறது என்று பயந்து அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "எல்லா வண்டிக்கும் அப்பிடித்தான் காட்டும், பெட்ரோல் அப்பிடி" என்று வைத்துவிட்டார். அவர் சொன்னது சரிதான். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தப் பெட்ரோலில் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். கலந்தால் சுமார் 13.5. பழைய கணக்கில் எழுதப்பட்ட வண்டி, சென்சார் சொல்வதைக் கேட்டு, கொஞ்சம் கூடுதலாக ஊற்றியே ஆக வேண்டும். பத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. அந்த எண் இருபதைத் தாண்டினால், அதுவும் ஐடிலிங்கில் அதிகமாகவும் ஆக்சிலேட்டர் கொடுத்தால் குறைவாகவும் இருந்தால், எஞ்சினுக்குக் காற்று போகிற இன்டேக் பக்கம் ஹோஸ் எங்கேயாவது வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் கேஸ்கெட் கசிந்தாலும் வெளிக்காற்று புகுந்து, காற்று அதிகம் என்று சென்சார் பொய் சொல்லும். அதற்கும் சென்சாரைத்தான் மாற்றுவார்கள்.

சரி, பிடித்துக்கொண்ட ஒன்றரை நட்சத்திரம். முதலில் வேகம். நாலைந்து அளவுகளைச் சேர்த்துத் திரையில் வைத்தால் நொண்டுகிறது. ஆக்சிஜன் சென்சாரின் கோடு படிக்கட்டு மாதிரி வரும், நல்ல சென்சாரும் மந்தமான சென்சார் போலத் தெரியும். ஒரே ஓர் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் பரவாயில்லை. இது டப்பாவிலும் எழுதியிருக்கவில்லை, செயலியிலும் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்ததுதான்.

அடுத்து, இந்த சாக்கெட்டில் பேட்டரி கரண்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும், சாவியை எடுத்தாலும் ஸ்கேனர் விழித்திருக்கும். நான்கு நாள் வெளியூர் போனபோது பிடுங்க மறந்துவிட்டேன். வந்து சாவியைத் திருகினால் டக் டக் என்கிறது. பேட்டரி கொஞ்சம் பழசுதான், இருந்தாலும் இதில் ஒரு சுவிட்ச் வைத்திருக்கலாம். ஏர்பேக், ஏ.பி.எஸ். கோளாறுகளையும் படிக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். என் வண்டியில் எஞ்சினைத் தவிர எதையும் படிக்கவில்லை. ஐபோன்காரர்கள் இந்தப் பழைய புளூடூத் வகையை வாங்காதீர்கள், சேராது. வைஃபையோ புளூடூத் எல்.இ.யோ இருக்கிற வகை கொஞ்சம் கூடுதல் விலையில் வருகிறது. அழிக்கும் பொத்தானை அழுத்தினால் என்னென்ன போகும் என்று செயலியில் ஒரு வரி எச்சரிக்கை இல்லாததற்கு அரை நட்சத்திரம் தனியாகக் குறைத்திருக்கிறேன். அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் பிரீஸ் பிரேமைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

யார் வாங்கலாம்? விளக்கு எரிந்ததும் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறவர்களுக்கு இது வேண்டாம், வீண் குழப்பம். காலையில் பத்து நிமிடம் வண்டிக்குள் உட்கார்ந்து ஒரு கோட்டைப் பார்க்கப் பொறுமை உள்ளவர்கள் வாங்கலாம். கூடவே ஒரு 21 வாட் பல்பும் இரண்டு முதலைக் கிளிப்பும் வாங்கிக்கொள்ளுங்கள், நூறு ரூபாய்க்குள் முடியும்.

கோபத்தில் வாங்கிய மூன்றாவது சென்சார் இன்னும் பீரோவில் இருக்கிறது, பெட்டி பிரிக்கவில்லை. எலக்ட்ரிக்கல் சாமான் திருப்பி எடுப்பதில்லை என்று கடைக்காரர் பில்லில் விரலை வைத்துக் காட்டிவிட்டார். என் வண்டி மாடல் வைத்திருக்கிற யாருக்காவது நிஜமாகவே சென்சார் போயிருந்தால் பாதி விலைக்குத் தருகிறேன். பல்பு வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.